வெள்ளைப் பட்டை போட்ட மரங்கள்

தேக்கங்காட்டுப் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "அங்கன என்ன பறவை இருக்கு? இலை விழுத சத்தந்தான் கேக்கும்" என்றார் என் மாமியார். அவர் பிறந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். அந்தக் காட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தேன். முனைவர் பட்டம் இல்லாமல் இனி மேலே போக முடியாது என்று ஆகிவிட்டிருந்தது. தலைப்பும் நானாகத் தேர்ந்தெடுத்ததல்ல. என் வழிகாட்டி கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். சனி, ஞாயிறுகளில் செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து பஸ்ஸில் மலையடிவாரம் போவேன். பஸ் விட்டிறங்கி நடந்தால் தேக்கங்காடு.

மாமியார் சொன்னது சரிதான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. எங்கள் அப்பாக்கள் காலத்தில் அங்கே இருந்த காட்டை வெட்டிவிட்டு, அரசாங்கம் வரிசை வரிசையாகத் தேக்கை நட்டிருந்தது. எல்லா மரமும் ஒரே வயது, ஒரே உயரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பது போலிருந்தது. காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. எப்போதாவது ஒரு கரிச்சான் கிளைக்குக் கிளை தாவும். மதியம் வரை நடந்தும் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லாமல், இப்படியே போனால் என் ஆய்வேடு ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டுக்கு நடுவில் ஒரு ஓடை ஓடியது. கீழே போய்த் தாமிரபரணியில் சேர்கிற ஓடை. அந்தக் காலத்தில் தேக்கு நட்டவர்களுக்குக் கரை ஈரத்தில் தேக்கு பிழைக்காது என்று தெரிந்திருக்கும் போலிருக்கிறது, இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்குப் பழைய காட்டை அப்படியே விட்டிருந்தார்கள். நீர்மருது, நாவல், அத்தி, வேங்கை, தான்றி என்று இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். சில உள்ளே வெற்றாகிக் கோறையாகப் போனவை. சில பட்டுப்போய், பட்டை உரிந்து, எலும்பு போல நின்றவை. அங்கே போய்ச் சேர்ந்ததும் காது அடைப்பு விட்டது போல் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கேட்டது. மரங்கொத்தி தட்டுகிறது, கிளி கத்துகிறது, குக்குறுவான் நிறுத்தாமல் கூப்பிடுகிறது. அந்தக் காட்டின் உயிரெல்லாம் ஓடைக் கரையில்தான் ஒண்டிக்கொண்டிருந்தது.

காரணம் எளிமையானது. அங்கே நான் பார்த்த பறவைகளில் பாதி, கிளையில் கூடு கட்டாதவை. மைனா, கிளி, ஆந்தை, இருவாச்சி எல்லாவற்றுக்கும் பொந்து வேண்டும். மரம் முதுமை அடைந்தால்தான் பொந்து விழும். தேக்கை முதுமை அடைய யாரும் விடுவதில்லை, விலை போகிற பருவத்தில் வெட்டிவிடுவார்கள். தேக்குக்கு இடையில் தானாக முளைத்து வருகிற நாவலும் புன்கும் காட்டிலாகாவின் கணக்கில் களை. பட்டுப்போன மரம் நோய் மரம். பூச்சி பரவும், தீப்பிடிக்கும் என்று சொல்லி வருசா வருசம் களையை அறுத்து, நோய் மரத்தை வெட்டிக் காட்டைச் 'சுத்தம்' செய்வார்கள். ஓடைக் கரையையும் அடுத்த வருசம் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் ரேஞ்சரைப் பார்க்கப் போனேன்.

ரேஞ்சருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான மனிதர். ஆற்றங்கரை ஊர்க்காரர், எங்கள் ஆட்கள்தான். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பட்டமரத்தை விட்டு வைக்கணும்னு சொல்லுதிய. மேல இருந்து வாரவங்க, ஏன்வே இது நிக்கின்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"நீங்க ஒரு தடவை வந்து பாருங்க சார். பாத்தபொறவு சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். பட்டுப்போன ஒரு நாவல் மரத்தின் அடியில் நிறுத்திக் காட்டினேன். உச்சியில் மரங்கொத்தி கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனா குடியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு துளையில் கிளி. உரிந்து தொங்கிய பட்டைக்குள் பல்லி, அடியில் உளுத்த மரத்தில் வண்டுப் புழு, காளான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மரத்தில் காதை வைத்துக் கேட்டார். "உள்ள என்னமோ சுரண்டுது" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு அதிகாரி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

திரும்பி நடக்கும்போது சொன்னார். "ஓடைக் கரையத் தொடக் கூடாதுன்னு எங்க திட்டப் புத்தகத்துலயே இருக்கு மேடம். எவன் படிக்கான்? களை வெட்ட வாரவங்களுக்கும் அதெல்லாம் தெரியாது. ஒண்ணு செய்யுங்க. விட்டு வைக்க வேண்டிய மரத்துல எல்லாம் வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு பட்டை அடிச்சிருங்க. வெள்ளைப் பட்டை போட்ட மரத்துல அருவா வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லிருதேன்."

"எழுத்துல ஏதும் வாங்கிக்கிடணுமா சார்?"

"அது எதுக்கு? நான் இங்கனதான இருக்கேன்."

எனக்கும் அது போதும் என்றுதான் பட்டது. அந்த மனிதரிடம் போய்க் காகிதம் கேட்பது அவமரியாதை என்று நினைத்தேன்.

மார்கழி, தை முழுக்கப் பட்டை அடித்தோம். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வர ஒரு வாட்சரை ரேஞ்சர் அனுப்பினார். தினக்கூலி ஆள், வேலை நிரந்தரமாகும் என்று பல வருசமாகக் காத்திருந்தவர். கரடி என்றால் அவருக்கு உயிர் போய்விடும். சருகில் ஏதாவது அசைந்தால், "டீச்சரம்மா, பைய பின்னால வாங்க" என்று எனக்கு முன்னால் அவர் பின்வாங்குவார். வாய் ஓயாது. பெரும்பாலும் மகள் கல்யாணப் பேச்சுத்தான். மரத்தில் பட்டை அடிப்பதில் மட்டும் அவருக்குத் தனி ஆசை. கோணல் இல்லாமல் வர வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்து அடிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் சேலை மடிப்பிலும் கழுத்திலும் உண்ணி ஏறியிருக்கும். வங்கியில் வேலை பார்த்த என் கணவர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவார். "உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கு ளா" என்பார். ஆனால் பிடுங்கிப் போடுவார்.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் என் வாழ்க்கையில் நான் வேலை என்று நம்பிச் செய்த காலம். களை வெட்ட வந்த பெண்கள் ரேஞ்சர் சொன்னபடி ஓடைப் பக்கத்தில் கை வைக்கவில்லை. தேக்குக்குள்ளும் கொஞ்ச தூரத்துக்கு நாவல் கன்றையும் புன்கையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மழை கழித்து, இரண்டு மழை கழித்து, ஓடையிலிருந்து பறவைகள் தேக்கு வரிசைக்குள் வர ஆரம்பித்தன. அத்திப் பழம் தின்று எச்சமிட்ட இடத்தில் புதுச் செடி முளைத்தது. மரம் வளர்க்கிற காட்டிலும் மற்ற உயிர்கள் இருக்கலாம், அதற்குத் தேக்கை விட வேண்டியதில்லை, கொஞ்சம் கிழட்டு மரத்தையும் கொஞ்சம் அசுத்தத்தையும் பொறுத்துக்கொண்டால் போதும் என்று தெரிந்தது. அதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடை வளைகிற இடத்தில் ஒரு பெரிய தான்றி நின்றது. அதன் பொந்தில் ஒரு சோடி இருவாச்சி கூடு வைத்தது. சாம்பல் நிறத்தில், வளைந்த அலகோடு, மனிதன் சிரிப்பது போலக் கத்துகிற பறவை. பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை எச்சத்தாலும் உளுத்த மரத்தூளாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே இறகு உதிர்த்துவிட்டு முட்டையில் உட்காரும். குஞ்சு வளரும் வரை அதற்குப் பறக்க முடியாது. ஆண் பறவை பழம் கொண்டு வந்து ஊட்டும். ரேஞ்சர் தன் மனைவியையும் பிள்ளைகளையும் ஜீப்பில் கூட்டி வந்து அதைக் காட்டினார். "உள்ள இருக்கவ இவன் வருவான்ங்குத ஒரே நம்பிக்கையிலதான் இருக்கா" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா எனக்குப் புளியோதரை கொண்டு வந்திருந்தார். அன்றிலிருந்துதான் ரேஞ்சர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். நானும் சாரை விட்டுவிட்டு அண்ணாச்சி என்றேன்.

தொண்ணூற்றிரண்டு நவம்பரில் வெள்ளம் வந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சிபுரத்தில் எங்கள் வாடகை வீட்டில் சன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பீரோவுக்குள்ளும் பிள்ளையின் தொட்டிலிலும் ஒரே சேறு. அந்த வாடை போக மாதக்கணக்காயிற்று. என் பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கல்லூரியும் நிவாரண வேலையில் இருந்தது. காட்டைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை.

பொங்கல் கழிந்து கல்லூரி ஆபீசுக்கு ரேஞ்சரிடமிருந்து போன் வந்தது. பதவி உயர்வு கிடைத்து மதுரைக்குப் போவதாகச் சொன்னார்.

"ஓடை எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"நாலஞ்சு மரம் சாஞ்சிட்டு. மத்தபடி ஒண்ணும் இல்ல. உங்க தான்றி குத்துக்கல்லு மாதிரி நிக்கி. புதுசா வாரவர்ட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் போறேன் தங்கச்சி. நீங்க ஒண்ணும் கவலைப்படாதிய."

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அன்றைக்கு என் கணவரும் கூட வந்தார். தேக்கங்காட்டுக்குள் நுழைந்ததுமே கோடாலிச் சத்தம் கேட்டது. ஓடைப் பக்கம் இருக்க வேண்டிய இருட்டு இல்லை. தேக்கு வரிசைகளுக்கு அப்பால் ஒரே வெளிச்சமாக இருந்தது.

கரை நெடுகிலும் மரங்கள் கிடந்தன. வெள்ளத்தில் சாய்ந்தவை நாலைந்துதான், வேரோடு பெயர்ந்து கிடந்ததால் தனியாகத் தெரிந்தன. மற்றவை வெட்டியவை. துண்டு போட்டு அடுக்கியிருந்த தடிகளில் எங்கள் வெள்ளைப் பட்டை தெரிந்தது. லாரி ஒன்று ஓடை மணலில் இறங்கி நின்றது. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"என்ன பாக்கிய?"

"யார் வெட்டச் சொன்னா?"

"ஆர்டர் இருக்கும்மா. வெள்ளத்துல விழுந்த மரம், விழப்போற மரம் எல்லாத்தையும் எடுத்துரணுமாம். அடுத்த வெள்ளத்துக்கு இதெல்லாம் பெயர்ந்து போயி பாலத்தை அடைச்சிருமாம்லா. காண்ட்ராக்டர் அண்ணாச்சி ஏலத்துல எடுத்திருக்காரு."

"இது விழுந்த மரமா? இது விழப்போற மரமா?" நான் ஒரு நீர்மருதைக் காட்டிக் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அது எனக்கு எப்படித் தெரியும்? குறி போட்ட மரத்தைத்தான வெட்டுதோம். குறி இல்லாத மரத்துல ஒரு அருவா வச்சிருந்தாச் சொல்லுங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. குறி போட்ட மரத்தைத்தான் வெட்டியிருந்தார்கள். ஆனால் நாங்கள் பட்டை அடித்தது பட்டமரத்துக்கும் கோறை மரத்துக்கும்தான். அங்கே கிடந்த வேங்கைகளில் பாதிக்கு மேல் உள்ளே வைரம் பாய்ந்து சிவப்பாக இருந்தது. ஒரு பொந்து கிடையாது. அவற்றிலும் வெள்ளைப் பட்டை இருந்தது. போய்த் தொட்டுப் பார்த்தேன். எங்கள் பட்டை மூன்று மழையில் நனைந்து மங்கிப் போயிருந்தது. இது பளிச்சென்று இருந்தது. அவசரத்தில் அடித்துக் கீழே வழிந்திருந்தது. நல்ல விலைக்குப் போகிற மரமாகப் பார்த்து யாரோ எங்கள் குறியை அவற்றுக்கும் போட்டிருக்கிறார்கள்.

தான்றியும் கிடந்தது. பொந்து இருந்த இடத்தில் தடி பிளந்திருந்தது. உள்ளே மரத்தூளும் பழக்கொட்டையும் கொஞ்சம் சாம்பல் இறகும்.

"இதுல ஒரு பறவை இருந்திருக்குமே" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். "ஆமா. ஒரு தள்ளையும் ரெண்டு குஞ்சும் இருந்துச்சு. தள்ளைக்குப் பறக்கவே தெரியல. நேத்தே குழம்பு வச்சாச்சு" என்றான். அதில் கேலி இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அவர்கள் காட்டுக்குள் வந்து ஒரு வாரமாகக் கஞ்சியும் ஊறுகாயுமாகத் தின்றுகொண்டிருந்தவர்கள். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வராதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆண் பறவை அங்கே சுற்றிக்கொண்டிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் திரும்பி நின்றேன். என் கணவர் என் தோளைத் தொட்டு, "பைய வா, போவோம்" என்றார். பஸ்ஸில் வரும்போது, "இதோட விட்டுரு ளா. நம்மால என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. கூடவே இனி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாள் என்கிற நிம்மதியும் இருந்தது. பல வருசம் அதை நான் மறக்கவில்லை.

நான் விடவில்லை. மறுநாளே மாவட்ட வன அலுவலரைப் பார்த்துப் புகார் கொடுத்தேன். புதுப் பெயிண்ட் பற்றியும், நல்ல மரங்களை வெட்டியது பற்றியும் சொன்னேன். விசாரிப்பதாகச் சொன்னார். விசாரணை தொடங்குவதற்குள் தடியெல்லாம் லாரி ஏறிப் போய்விட்டது. பிறகு வந்த கேள்வி மரத்தைப் பற்றியதல்ல. காட்டிலாகா மரங்களில் குறி போடுவதற்குக் கல்லூரி ஆசிரியைக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று என் முதல்வருக்குக் கேள்வி வந்தது.

அப்போதும் நான் பயப்படவில்லை. மதுரைக்குப் போனேன். ரேஞ்சர், இப்போது அவர் ரேஞ்சரில்லை, வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். அவர் மனைவி காபி கொண்டு வந்து கொடுத்து, "என் பிள்ளைய இன்னும் அந்தப் பறவையத்தான் கேக்குதுக" என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"படுபாவிய" என்றார். "நான் அந்தாளுகிட்ட அவ்வளவு சொல்லிட்டு வந்தேன்."

"நீங்க விசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அண்ணாச்சி. பட்டை அடிக்கச் சொன்னது நீங்கதான், அது விட்டு வைக்குததுக்கான குறின்னு."

"அதுக்கென்ன தங்கச்சி. வாரேன்."

வந்தார். வன அலுவலகத்தில் ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் மேலதிகாரி ஒருவர், தட்டச்சு செய்கிறவர். இந்தப் பக்கம் நான், புது ரேஞ்சர், வாட்சர். அண்ணாச்சி என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் எதிரில் போய் உட்கார்ந்தார். அதிகாரி கேட்டார்.

"இந்த அம்மாவுக்கு நீங்க என்ன அனுமதி கொடுத்தீங்க?"

"பறவை பாக்குததுக்கு வாய்மொழியா அனுமதி கொடுத்தேன் சார்."

"மரத்துல பெயிண்ட் அடிக்க?"

"அது என் கவனத்துக்கு வரல."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி" என்றேன். அவர் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தபடி, "மேடம் ஆராய்ச்சி ஆர்வத்துல செஞ்சிருக்கலாம். கெட்ட எண்ணம் இருக்கும்னு நான் நினைக்கல" என்றார். எனக்காகப் பரிந்து பேசுகிற குரலில் சொன்னார்.

வாட்சரைக் கேட்டார்கள். டப்பாவைத் தூக்கி வந்தவர், கோணல் இல்லாமல் பட்டை அடித்தவர், "எனக்கு ஞாபகம் இல்லைங்கய்யா" என்றார். வெளியே வந்ததும் மரத்தடியில் என்னிடம் வந்து, "நான் தினக்கூலிக்காரன் டீச்சரம்மா. சார்வாளே அப்படிச் சொன்னபொறவு நான் என்னத்தச் சொல்ல?" என்று அழுதார். போங்க என்று சொல்லி அனுப்பினேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய ரேஞ்சருக்கு அந்த நியாயமும் இல்லை. வேலை நிரந்தரமானவர். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு விளக்கக் கடிதம், மிஞ்சிப்போனால் அடுத்த பதவி உயர்வு ஒரு வருசம் தள்ளிப்போயிருக்கும்.

வெளியே ஜீப்பில் ஏறப் போனவரை மறித்து, "ஏன் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் ஆமான்னு சொன்னா, ஏன் எழுத்துல கொடுக்கலன்னு என்னைப் பிடிப்பாங்க. மரம் போனது போனதுதான. இனிமே ரெண்டு பேரும் மாட்டி என்ன ஆவப்போகு? உங்களுக்கு ஒண்ணும் வராது. காலேஜ்காரங்களை எங்க ஆளுக ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். ஜீப் போய்விட்டது.

ஒன்றும் வராமல் இல்லை. காட்டுக்குள் நுழைய எனக்கு அனுமதி இல்லை என்று உத்தரவு வந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, கல்லூரி பெயர் கெடக் கூடாது, தலைப்பை மாற்றிக்கொள் என்றார். வழிகாட்டி அவரைவிட வேகமாக ஒத்துக்கொண்டார். சீவலப்பேரிப் பக்கத்துக் குளங்களில் மீன் பிடிக்கிறவர்களோடு நின்று கெண்டையும் கெளுத்தியும் அளந்து பட்டம் வாங்கினேன். கெண்டை, கெளுத்தி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பட்டமளிப்பு அன்றைக்கு எடுத்த போட்டோவை நான் சுவரில் மாட்டவில்லை. காண்ட்ராக்டர் மேலோ புது ரேஞ்சர் மேலோ நடவடிக்கை எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆபத்தான மரங்களை அகற்றிப் பாலத்தைக் காப்பாற்றியதாகக் கோப்பு மூடப்பட்டது.

வெட்டிய இடத்தில் தேக்கு நட்டார்கள். தேக்குக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. இரண்டு மழையில் பாதி மஞ்சளாகிச் செத்தது. செத்த இடமெல்லாம் உண்ணிச்செடி என்கிற முள்புதர் ஏறியது. இதெல்லாம் நான் பார்த்ததில்லை, மாமியார் ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்லக் கேட்டது.

பழைய ரேஞ்சரை மறுபடி பார்த்தது திருச்செந்தூரில். தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். என் அண்ணன் மகனுக்கு முடி எடுக்கப் போயிருந்தோம். கடற்கரையில் கூட்டம். ஈர வேட்டியோடு ஒருவர் என் முன்னால் வந்து நின்று, "தங்கச்சி, சௌக்கியமா?" என்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. காட்டிலாகாவில் பெரிய பதவிக்கு வந்துவிட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இருக்கேன்" என்றேன்.

"உங்களுக்கு ஒரு சந்தோசமான சமாச்சாரம் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன். இப்ப எங்க டிபார்ட்மெண்ட்ல பல்லுயிர்ப் பாதுகாப்புன்னு திட்டமே வந்திருக்கு. பட்டமரத்தை வெட்டக் கூடாது, பொந்து மரத்தை விட்டு வைக்கணும், ஓடைக் கரையத் தொடக் கூடாது. அன்னைக்கு நீங்க சொன்ன அத்தனையும் உத்தரவா வந்திருக்கு."

நான் முந்தானையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை சொன்னார்.

"கேட்டுச்சு" என்றேன்.

"ஃபாரஸ்ட் கார்டுகளுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கணும். நம்ம பக்கத்துல இதைத் தெரிஞ்சு சொல்ல யாரு இருக்கா? நீங்க வரணும். இந்தத் தடவை எழுத்துலயே அனுப்புதேன்."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அது மன்னிப்பா, வேடிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் நின்ற என் கணவர், "போயிட்டு வாயேன் ளா" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் எதிர்பார்த்ததில்லை.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கடிதம் வந்த பிறகும் ஒரு வாரம் பதில் எழுதவில்லை. நான் போகாவிட்டால் ஒன்றும் தெரியாத யாரோ ஒருவர் போய் எதையாவது சொல்லிவிட்டு வருவார் என்பது மட்டும் உறுத்தியது. போனேன். அவர் வரவில்லை. வேறு கூட்டம் இருந்ததாம். அதுவும் நல்லதாகப் போயிற்று.

அதே தேக்கங்காடுதான். பஸ் நின்ற இடத்தில் இப்போது பரோட்டாக் கடை வந்திருந்தது. இளவயது கார்டுகள் முப்பது பேர் இருக்கும், புதுச் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஒரு கொட்டகைக்குள் வைத்துப் பேசினேன். பொந்து ஏன் வேண்டும், பட்டமரத்தில் என்னவெல்லாம் வாழும், களை என்று நாம் சொல்வது யாருக்குச் சாப்பாடு, எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காட்டுக்குள் கூட்டிப்போனேன்.

தேக்கு வரிசைகளைத் தாண்டி ஓடைக்கு வந்தோம். ஓடையில் தண்ணீர் இல்லை. இரண்டு கரையிலும் உண்ணிச்செடியும், தப்பிப் பிழைத்த கொஞ்சம் தேக்கும். ஒரு நாவல் கன்று என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதைச் சுற்றி நடந்தேன். வேறு ஏதாவது தென்படுகிறதா என்று மேலே பார்த்தேன். முன்வரிசையில் வந்த ஒரு பையன், நல்ல பையன், காலையிலிருந்து அதிகம் கேள்வி கேட்டவன், என் பக்கத்தில் வந்து நின்றான்.

"இதுல எந்த மரத்தை மேடம் விட்டு வைக்கணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொந்து விழ ஒரு மரத்துக்கு நூறு வருசம் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இங்கே இருந்ததெல்லாம் இவனைவிடச் சின்னது. நான் காட்டுவதற்கு அங்கே ஒரு மரம் இல்லை.

"இங்கன ஒண்ணும் இல்ல, தம்பி" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தில் அதையும் எழுதிக்கொண்டான். வெயில் தாங்கவில்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினேன்.